கட்டுரையில் கிழிந்த பாவாடை

சிவப்பு மையைப் பார்த்தால் உங்களுக்கெல்லாம் இப்போதும் பயமாக இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் தாலுகா அலுவலகத்தில் ஊராரின் மனுக்களைப் படித்து, ஓய்வும் பெற்று, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற இந்த வயதிலும் இருக்கும்.

போன மாதம், கல்லூரியில் படிக்கிற என் தம்பி மகள் கைபேசியில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். ஏதோ போட்டியாம். படிப்பவர் மனசு மாறுகிற மாதிரி எழுத வேண்டுமாம். "அத்தை, கருத்தெல்லாம் இருக்கு. நீங்க கொஞ்சம் பாலிஷ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று குரல் பதிவு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பத்தி படித்தேன். மூன்றாவது பத்தியில் ஓர் ஏழைத் தாய் அழுதுகொண்டிருந்தாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை. கூப்பிட்டு, "இந்த அம்மா யாரு? உனக்குத் தெரிஞ்சவுகளா?" என்று கேட்டேன். "சும்மா அத்தை, ஒரு ஃபீலுக்கு" என்றாள்.

அவளிடம் அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். முழுசாக உங்களிடம் சொல்கிறேன். அலுமினியப் பெட்டியில் புத்தகம் கொண்டுபோனவர்களுக்கு, மைப்பேனா கசிந்து விரல் நீலமானவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் அது. எங்கள் வீடு செட்டியார்பட்டியில். பெண்கள் பள்ளிக்கூடம் ராஜபாளையத்தில். தேவதானத்திலிருந்து வருகிற ஒரு பஸ் எங்கள் ஊருக்கு ஒன்பது மணி சுமாருக்கு வரும். அதை விட்டால் நேரத்துக்குப் போக வேறு வழியில்லை. அதற்கு முந்தைய பஸ் ஏழு மணிக்கு, மில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவது. ஒன்பது மணி பஸ்ஸும் சில நாள் நிற்காது. பெட்டியும் பாஸுமாக நாங்கள் பதினோரு பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் கூட்டி, ஒரு ஃபர்லாங் தள்ளி யாரையாவது இறக்குவதற்கு நிறுத்துவார். நாங்கள் ஓடுவோம். பெட்டிக்குள் ஜாமெட்ரி பாக்ஸ் குலுங்குகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஏறிவிட்டால் ஈரத் தாவணியும் டீசல் புகையும் யாரோ கொண்டுபோகிற வாழையிலைக் கட்டின் வாசமும் மூச்சை அடைக்கும்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒன்பது இருபத்தைந்து இருக்கும். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்தில் வழிபாட்டு மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷத்துக்கு மேல் நடை. அங்கேயும் ஓடுவோம், ஓடியும் பாதி நாள் பிந்திவிடும். அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை, அவரைப் பெரிய டீச்சர் என்போம், ஒழுங்கு வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்திருந்தார். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். பிந்தியவர்கள் முதல் பீரியட் முடிகிறவரை வெளியே நிற்க வேண்டும். மூன்று நாள் பிந்தினால் வருகைப் பதிவில் அரை நாள் போகும். வருகை குறைந்தால் முழுப் பரீட்சை எழுத விட மாட்டார்கள்.

பதினோரு பேரில் அதிகம் அடிபட்டவள் என் சேக்காளி. எங்கள் பக்கம் உயிர்த்தோழியை அப்படித்தான் சொல்வோம். அவள் அப்பா தறிக்காரர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவதைத் தார் சுற்றுவது என்பார்கள். காலையில் அப்பாவுக்கு ஒரு கூடை தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். பஸ் ஒரு நிமிஷம் முன்னால் வந்தாலும் அவளுக்குப் போய்விடும். அடுத்த பஸ்ஸில் தனியாக வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். புரட்டாசிக்குள்ளேயே அவளுக்கு எத்தனையோ அரை நாள் போயிருந்தது.

"இப்படியே போனா அப்பா நிப்பாட்டிருவாவ" என்று ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். "கேட்டுக்கு வெளிய நிக்கதுக்கு வீட்டுல இருந்து தார் சுத்தலாம்லன்னு நேத்தே கேட்டாவ."

அந்த வாரம்தான் தமிழ் டீச்சர் வகுப்பில் போட்டியை அறிவித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்துகிற கட்டுரைப் போட்டி. 'எங்கள் ஊருக்கு உடனே வேண்டியது எது? கேட்பவர் ஒப்புக்கொள்ளும்படி எழுதுக.' எழுதி முன்னதாக அனுப்ப வேண்டும். தேர்வானவர்கள் அங்கே மேடையில் வாசிக்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன். எழுதிவிட்டால் உலகம் திருந்திவிடும் என்று அப்போது நம்பினேன்.

முதல் படி முழுக்கக் கோபம். பஸ் கண்டக்டரைக் கல்நெஞ்சர் என்று எழுதினேன். டிரைவரை எமன் என்று எழுதினேன். மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சேக்காளிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழில் ஒற்றுப்பிழை நிறைய வரும். ஆனால் காது கூர்மை. பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஏட்டி, இத யார் படிக்கப் போறா?" என்றாள்.

"நடுவருங்க."

"அவுக என்ன, நம்ம கண்டக்டரு கூடச் சண்டைக்கு வரப்போறாவளா? உனக்கு என்ன வேணும்? அவர ஏசணுமா, கேட்டு தொறக்கணுமா?"

"கேட்டு தொறக்கணும்."

"அத எங்கயும் காணோமே!"

பார்த்தேன். உண்மையிலேயே காணவில்லை. மூன்று பக்கம் எழுதியிருந்தேன். என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

இருவரும் சேர்ந்து மறுபடி எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள். 'மிகுந்த துன்பம்' என்றால், "எம்புட்டு?" என்பாள். 'பலமுறை' என்றால், "எத்தன தடவ?" என்பாள். பஸ் எப்போது வருகிறது, எப்போது சேருகிறது, கேட்டு எப்போது பூட்டுகிறது, கால் மணி நேரம் பிந்திப் பூட்டினால் யாருக்கு என்ன நஷ்டம். பத்தொன்பது வரிகளில் முடிந்துவிட்டது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே அந்தக் கேட்டைத் திறந்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பத்தொன்பது வரியைத் தமிழ் டீச்சரிடம் கொடுத்தேன்.

தமிழ் டீச்சரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. விறைப்பாகக் கஞ்சி போட்ட சேலை, நெற்றியில் சாந்து, கைப்பையில் எப்போதும் ஏலக்காய். என் கையெழுத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டியவர் அவர்தான். பத்தொன்பது வரியையும் படித்துவிட்டு, "விஷயம் நல்லாருக்கு. ஆனா வெறும் எலும்பா இருக்கேம்மா. சதை வேண்டாமா?" என்றார்.

ஒரு வாரம் இடைவேளை மணிகளில் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். சிவப்பு மை ஓடியது. தொடக்கத்தில் கல்வியின் பெருமை வந்தது. நடுவில் பெண்ணின் பெருமை வந்தது. பஸ் 'போக்குவரத்து வசதி' ஆனது. கேட்டு மறைந்தே போனது.

"டீச்சர், கேட்டு?" என்றேன்.

"நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி நம்மளே குறை சொல்லி வெளியூருக்கு அனுப்பலாமா? பெரிய டீச்சர் கையெழுத்துப் போடுவாங்களா? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். சரி என்றுதான் பட்டது. தவிர, திருத்தத் திருத்த என் கட்டுரை புத்தகத்தில் வருகிற கட்டுரை மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. அந்த மினுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கடைசி நாள் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்தார். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. நெசவாளியின் மகள். கிழிந்த பாவாடையும் எண்ணெய் காணாத கூந்தலுமாய், பூட்டிய கதவுக்கு வெளியே கண்ணீர் வடித்து நிற்கிறாள்.

"டீச்சர், அவ பாவாட கிழியல" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "கட்டுரையில கிழியட்டும்."

நானும் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்துகிறது. டீச்சர் எழுதியது டீச்சரோடு போகட்டும். சிரித்தது நான்.

சேக்காளி பஸ்ஸில் கேட்டாள். "முடிஞ்சிட்டா? வாசியேன், கேப்போம்."

"அங்க மேடையில வாசிக்கும்போது கேளு" என்றேன்.

கட்டுரை தேர்வாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் டீச்சர், நான், எனக்குத் துணையாகச் சேக்காளி, மூவரும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். மழை விட்டிருந்தது. மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. சேக்காளி அன்று பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். மாவிலைப் பச்சையில் ஒரு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. தீபாவளிக்கென்று அவள் அப்பா தனியாகப் பாவு ஓட்டி நெய்தது. என் போட்டிக்காகத் தீபாவளிக்கு முன்னாலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உட்காரும்போது கசங்காமல் இரண்டு கையாலும் நீவி நீவி உட்கார்ந்தாள்.

போட்டி நடந்த பள்ளிக்கூடம் மாடவீதிப் பக்கம். எங்கோ பால் சுண்டுகிற வாசம் வந்துகொண்டே இருந்தது. மண்டபத்தில் மர பெஞ்சுகள், மேலே ஒரே ஒரு மின்விசிறி. எனக்கு முன்னால் வாசித்தவர்கள் குளம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று வாசித்தார்கள். என் முறை வந்தது. நன்றாகத்தான் வாசித்தேன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று டீச்சர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கிழிந்த பாவாடை வந்த இடத்தில் தாழ்த்தினேன். முன்வரிசையில் நடுவர் அம்மா ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சேக்காளி இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

முதல் பரிசு எனக்கு. ஒரு தடித்த அகராதி. கை தட்டி முடிவதற்குள் டீச்சர் ஒலிபெருக்கிக்குப் போய், பெருமையும் கலக்கமும் கலந்த குரலில், "கட்டுரையில வர்ற பிள்ளை கற்பனை இல்லைங்க. இங்கதான் இருக்கா. எந்திரிம்மா" என்றார்.

சேக்காளி எழுந்தாள். இருநூறு கண்ணாவது இருக்கும், அத்தனையும் அவள் பாவாடையைப் பார்த்தன. கிழிசலைத் தேடின. பச்சைப் பாவாடை பளபளவென்று இருந்தது. பின்னால் யாரோ, "எரவல் வாங்கிக் கட்டிட்டு வந்திருக்கும் பாவம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும்.

சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் ஜவுளிக்கடைக்காரர். நல்ல மனசுதான். உடனே கடைக்கு ஆள் அனுப்பி, ஒரு பாவாடைத் துணி வரவழைத்து, மேடைக்குக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். மறுபடி கைதட்டல். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மண்டபத்தில் அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது டீச்சர் எங்கள் இருவருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார். சேக்காளி அந்த இலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. செட்டியார்பட்டியில் இறங்குவதற்கு முன்னால் துணிப் பொட்டலத்தையும் பால்கோவாவையும் என் மடியில் வைத்தாள்.

"நீ எழுதினதுக்குக் குடுத்தாவ. நீயே வச்சிக்கோ."

திங்கள்கிழமை அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே தறிச் சத்தம் கேட்டது. அவள் அப்பா குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க" என்றார் அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தறிக்காரன் மவ கிழிஞ்சதக் கட்டிக்கிட்டு அலையுதான்னு வில்லிபுத்தூர்ல வாசிச்சியாமே, தாயி?" என்றார்.

ஊர் ஜனம் ஜவுளி வாங்க வில்லிபுத்தூர் போய்வருகிறது. செய்தி எப்படியோ வந்திருந்தது.

"ஆமா மாமா" என்றேன்.

"ஊருக்கெல்லாம் நெய்து குடுக்கேன். எம்புள்ளைக்குத் துணி இல்லன்னு ஒருத்தர் தானம் குடுத்து அனுப்புதாரு." தறியில் நூல் ஓட்டும் நாடா இரண்டு முறை போய் வந்தது. "அவ இனிமே வரல. படிச்சது போதும்."

அம்மா என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"மாமா, அது பொய். பொய்னு தெரிஞ்சுதான் வாசிச்சேன்."

அப்போதுதான் அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். "வாசிச்சத அழிச்சிருவியா?"

"அழிக்க முடியாது. வேற எழுதுதேன்."

எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏட்டி, எழுதி எழுதித்தான் இப்படி ஆச்சு. விட்டுரு" என்றாள். விடவில்லை. துணிப் பொட்டலத்தைத் தபாலில் கடைக்காரருக்கே திருப்பி அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். மில்லிலிருந்து வந்து தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்து, நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, அவரே முகவரி எழுதினார்.

பத்தொன்பது வரித் தாளைத் தேடி எடுத்தேன். அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய டீச்சர் ஒரே கேள்வியில் அதைச் சாய்த்துவிடலாம் என்று பட்டது. 'பஸ் எப்போதோ ஒரு நாள் பிந்தும். நீங்கள் தினமும் பிந்துகிறீர்கள்' என்று சொன்னால் என்ன பதில்? சேக்காளி இருந்தால், "எத்தன நாளு?" என்று கேட்டிருப்பாள். அதனால் அடுத்த இரண்டு வாரமும் ஒரு நோட்டில் குறித்தேன். பஸ் எங்கள் ஊருக்கு வந்த நேரம், ராஜபாளையத்தில் நின்ற நேரம், கேட்டு பூட்டிய நேரம். என்னிடம் கடிகாரம் இல்லை. கண்டக்டரிடம்தான் கேட்டேன். ஆமாம், கல்நெஞ்சர் என்று நான் எழுதிய அதே கண்டக்டர்.

நாலாம் நாள் அவரே கேட்டார். "என்ன பாப்பா, தெனமும் மணி கேட்டு எழுதுத? நீ என்ன செக்கிங் ஆபீசரா?"

சொன்னேன். அவர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "வண்டிய முன்னாலயும் எடுக்க முடியாது. ஸ்டாண்டுல எங்களுக்கு எழுதிக் குடுத்த டைம் அது. ரெண்டு நிமிசம் பிந்துனா பின்னால வாரவன் சண்டைக்கு வந்துருவான். அதான் டிரைவர் அண்ணன் நிக்க மாட்டாரு. நீங்க மொத்தமா வந்து விழாம வரிசையா ஏறுங்க. நிப்பாட்டச் சொல்லுதேன்." மறுநாளிலிருந்து நாங்கள் வரிசையாக நின்றோம். பஸ் நின்றது. அப்படியும் ஒன்பது இருபத்தைந்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ஆக, மாற வேண்டியது கேட்டுதான். நோட்டே சொல்லிவிட்டது.

பெரிய டீச்சருக்கே ஒரு கடிதமாக, மறுபடி காலண்டர் தாளின் பின்பக்கம் புதிதாக எழுதினேன். ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு சேக்காளி வீட்டுக்குப் போனேன். அவள் கொல்லைப்பக்கம் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு நூலைப் பார்த்தாள். தாளை ராட்டைக்குப் பக்கத்தில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு குழலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோதும் தாள் அதே இடத்தில் இருந்தது. அவள் தலை நிமிரவில்லை. எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பென்சில் கோடு.

'இந்தப் பள்ளியின் சிறந்த மாணவி ஒருத்தி' என்று எழுதியிருந்தேன். 'சிறந்த' என்பதை அடித்துவிட்டு மேலே, 'தினமும் வந்த' என்று எழுதியிருந்தாள். 'தினமும்' என்பதில் பிழை இல்லை. இரண்டு தடவை அழித்து எழுதிய தடம் தெரிந்தது.

இன்னொன்று, அவள் பாவாடையைப் பற்றி நான் சேர்த்திருந்த வரி. அது கிழிந்ததல்ல, அவள் அப்பா நெய்த நல்ல பாவாடை என்று பிராயச்சித்தமாக எழுதியிருந்தேன். அந்த வரி முழுக்க அடிபட்டிருந்தது, தாள் கிழிகிற அளவுக்கு.

"அது உண்மைதான ஏட்டி" என்றேன்.

அப்போதுதான் பேசினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"உண்மையோ பொய்யோ, என் துணியப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாது. கேட்டப் பத்தி மட்டும் எழுது."

சரி என்றேன். அங்கேயே உட்கார்ந்து சுத்தப்படி எழுதினேன். அவள் சுற்றி முடித்த தார்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் கேட்டாள். 'தயவுகூர்ந்து' என்று ஒரு இடத்தில் இரண்டு முறை வந்தது. "ஒண்ணு போதும்" என்றாள்.

பதினோரு பெண்களில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டோம். பதினோராவது இடத்தைக் காலியாக விட்டு, 'இவர் இப்போது வருவதில்லை' என்று எழுதினேன். தமிழ் டீச்சருக்குத் தெரிந்ததும் வராந்தாவிலேயே நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"என்னக் கேக்காம பெரிய டீச்சர்ட்ட போறியா? உனக்கு அகராதி வாங்கிக் குடுத்த கட்டுரை யாரு திருத்தினது?"

"நீங்கதான் டீச்சர். அதனாலதான் அவ நின்னுட்டா."

சொல்லியிருக்கக் கூடாத விதத்தில் சொல்லிவிட்டேன். டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குள் போய்விட்டார். இப்போது யோசிக்கிறபோது அவர் பக்கமும் கொஞ்சம் தெரிகிறது. நியாயம் என்று கேட்டு நின்ற பெண்ணுக்கு யாரும் எதையும் கொடுத்து அவர் பார்த்திருக்க மாட்டார். அழுதவளுக்கு ஏதாவது கிடைத்ததைப் பார்த்திருப்பார். அதையே எங்களுக்கும் வாங்கித் தர நினைத்தார். எங்களுக்காக அவர் செலவழித்த இடைவேளைகள் பொய்யில்லை. ஆனால் தப்பு தப்புதான்.

பெரிய டீச்சர் தாளை நின்றுகொண்டே படித்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை அளந்துதான் பேசுவார். நோட்டையும் வாங்கிப் புரட்டினார்.

"இந்த நேரமெல்லாம் யார் சொன்னது?"

"கண்டக்டர், டீச்சர்."

"இந்தக் கடிதத்தை யார் திருத்தினாங்க?"

"அந்தப் பதினோராவது பொண்ணு."

"அவ தமிழ்ல எத்தன மார்க்கு?"

"போன தடவ பெயில், டீச்சர்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போகலாம்" என்றார். அன்று முழுக்க அறிவிப்புப் பலகையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கியபோது, தூற்றலில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு பெரிய டீச்சர் நின்றார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் வழக்கம்போல ஓடினோம். பின்னால் அவரும் வேகமாக நடந்து வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டு பூட்டியிருந்தது. எங்களோடு அவரும் வெளியே நின்றார். உள்ளே வழிபாட்டுப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்காவலுக்கு இருந்த ஆயா பதறிப்போய்ச் சாவியோடு ஓடிவந்தாள். "வேண்டாம். பாட்டு முடியட்டும்" என்றார் பெரிய டீச்சர். தூற்றலில் பத்துப் பெண்களும் ஒரு தலைமையாசிரியையும் பாட்டு முடிகிறவரை நின்றோம்.

அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பஸ்ஸில் வரும் வெளியூர் மாணவியர் ஒன்பதே முக்கால் வரை உள்ளே வரலாம், அவர்களுக்கு வழிபாட்டிலிருந்து விலக்கு உண்டு, வருகை குறைக்கப்படாது. போன அரை நாள்களைத் திருப்பித் தரவில்லை. அது பதிவேட்டில் ஏறிவிட்டதாம். மீதி நாள்களுக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் முழுப் பரீட்சைக்கு வருகை சரியாக இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டு, ஒரு சீட்டில் எழுதி, அறிவிப்பின் நகலோடு என் கையில் கொடுத்தார். "அவ அப்பாட்ட குடு" என்றார்.

தறிக்காரருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்கப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டார். "நீ வாசி."

அவள் அறிவிப்பை வாசித்தாள். சீட்டை வாசித்தாள். அதோடு விடவில்லை அவர். "இந்தப் புள்ள எழுதிக் குடுத்த தாளு எங்க? அதையும் வாசி."

காலண்டர் தாளில் இருந்த முன்படிதான் வீட்டில் இருந்தது, பென்சில் கோடுகளோடு. அதை வாசித்தாள். தடுமாறாமல் வாசித்தாள். முடிந்ததும் அவர் கேட்டார்.

"இதுல நம்மளப் பாவம்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்லப்பா."

"அழுதேன்னு?"

"இல்ல."

நாடாவைக் கையில் எடுத்து, விரலால் நூலின் நுனியைத் தேடினார். கிடைத்தது. கோத்தார். பிறகு தறியைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குச் செத்த முன்னாலயே எந்திரிச்சுத் தாரச் சுத்தி வச்சிரு" என்றார்.

அதுதான் சம்மதம்.

மறுநாள் பஸ்ஸுக்குப் பதினோரு பேர் வரிசையாக நின்றோம். பஸ் நின்றது. ராஜபாளையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வழிபாட்டு மணி கேட்டது. பழக்க தோஷத்தில் எல்லோரும் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஓட ஆரம்பித்தோம். பெட்டிகள் குலுங்கின. சேக்காளி மட்டும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஈரச் சாலையின் ஓரமாக, பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்து வந்தாள்.

"ஏட்டி, எங்க ஓடுத?" என்றாள். "நேரம் இருக்கு. நடந்தே வா."

நடந்தே போனோம்.